இரண்டாவது விளக்கு

அருள்நேசன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அகதி முகாமில் இருந்தவர்கள் சொன்ன புத்திமதிகளெல்லாம் அவன் தலைக்குள் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. மனைவியைப் பற்றிக் கேட்டால் சுவரை நினை. கருவாட்டை நினை. பல்வலியை நினை. அவளை மட்டும் நினைத்துவிடாதே.

பல் வைத்தியரின் அறை போல இருந்தது அது. தலையில் ஒரு மெல்லிய வலைத் தொப்பியை மாட்டினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லோமன் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், தண்ணீர் வேண்டுமா என்று ஏற்கெனவே கேட்டிருந்தார். அவருடைய மேசையில் இரண்டு சிறிய விளக்குகள். சோதிக்கப்படுபவரின் மனம் ஆண்கள்பால் சாய்ந்தால் இடது விளக்கு எரியும். பெண்கள்பால் சாய்ந்தால் வலது விளக்கு. கருவியின் பெயர் நாட்டமானி. முகாமில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. “உனக்கு எப்ப விளக்கு?” என்றுதான் கேட்பார்கள்.

முதலில் பியூஸைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மொழிபெயர்ப்புக் கருவி காதுக்குள் தட்டையான தமிழில் கேள்வியைச் சொன்னது. நேசன் சொன்னான். பியூஸ் நங்கூரக் கயிற்றை எடுக்கக் கடலில் குதித்துவிட்டு, குளிரில் பல் கிட்டிக்கத் திரும்பிப் படகில் ஏறுவான். துவாயை நீட்டினால் வாங்கமாட்டான். நீயே துடைத்துவிடு என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அதைச் சொல்லும்போதே நேசனின் குரல் உடைந்தது. இடது விளக்கு நின்று எரிந்தது.

பிறகு மனைவியைப் பற்றிக் கேட்டார்கள்.

நேசன் சுவரை நினைத்தான். வெறும் சுவர். ஆனால் நினைவுக்கு வந்தது அவர்களுடைய குசினிச் சுவர். அவனைக் கேட்காமல் மெற்றில்டா அதற்கு ரோசா நிறம் அடித்துவிட்டிருந்தாள். கண்றாவியாக இருக்கிறது என்று அவன் கத்தினான். புருவத்தில் பெயின்ற் ஒட்டியிருக்க, கையில் தூரிகையோடு அவள் திரும்பி, “பிடிக்காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ” என்றாள்.

வலது விளக்கு எரிந்தது.

லோமன் அதைப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு, பேனாவை மூடி வைத்தார்.

வெளியே நடையில் கௌசிகா காத்திருந்தாள். அவனுடைய வழக்கறிஞர். அவன் அடைக்கலம் கேட்டு வந்த அந்த வட நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், பெற்றோர் பருத்தித்துறைக்காரர். வீட்டில் கேட்டுப் பழகிய தமிழ் அவளிடம் அப்படியே இருந்தது.

“நேசண்ணா, சுவரை நினைக்கச் சொன்னவைதானே?”

“சுவரைத்தான் நினைச்சனான், தங்கச்சி.”

அவள் சிரிக்கவில்லை. இருவரும் யன்னலோரம் இருந்த மர வாங்கில் உட்கார்ந்தார்கள்.

“கருவி பிழையே?” என்று கேட்டான்.

“இல்லை. அதுதான் பிரச்சினை. முந்தி இஞ்ச அதிகாரிமார் கேள்வி கேட்டுத்தான் முடிவெடுக்கிறவை. படுக்கையறைக் கதையெல்லாம் கேப்பினம். ஒருத்தன் கொஞ்சம் ஆம்பிளை மாதிரி நடந்தால் நம்பமாட்டினம். அந்த அவமானம் வேண்டாம் எண்டு போராடின சனம்தான் இந்தக் கருவியைக் கேட்டு வாங்கினது. என்ர அம்மாவும் ஊர்வலத்தில போனவா.”

“அப்ப என்ன குறை?”

“சட்டம் என்ன சொல்லுதெண்டால், வேற மாதிரி வாழவே ஏலாத ஆக்களுக்குத்தான் அடைக்கலம். உங்களுக்கு ரெண்டும் எரியுது. ரெண்டும் எரிஞ்சால் உங்களுக்கு ஒரு வழி இருக்கெண்டு எடுக்கினம். மனிசியோட வேற ஊருக்குப் போய்ச் சத்தமில்லாமல் இருக்கலாமாம்.”

நேசன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பியூஸை அடிச்சுக் கொன்றவங்கள் என்ர தலைக்குள்ள எத்தினை விளக்கு எரியுதெண்டு பாத்திட்டே வருவாங்கள்?”

மன்னார்ப் பக்கம், கடல் ஏறி வந்து பழைய வீதியை விழுங்கிய பிறகு உள்ளே தள்ளிக் கட்டிய ஊர் அவனுடையது. ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபதை எட்டும் வயதில் பியூஸை நேசித்தான். பியூஸ் கப்பல் வேலைக்குப் போய்க் கடிதமும் குரலும் நின்றுபோன பிறகு, மெற்றில்டாவை மாதா கோயில் பாடற்குழுவில் கண்டு, அவள் பின்னால் ஒரு வருசம் அலைந்து கட்டினான். கட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தான்.

கட்டிப் பத்து வருசம் கழித்துப் பியூஸ் திரும்பி வந்தான். பழையபடி ஒன்றும் தொடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். மெற்றில்டா அவனுக்கென்று நண்டுக் குழம்பில் உறைப்பைக் குறைப்பாள். ஒருநாள் பியூஸ் பழுதுபார்க்கக் கொடுத்த பழைய கைபேசியிலிருந்து இருவருடைய படங்கள் ஊருக்குள் போயின. நேசனுக்கு மீசை கூடச் சரியாக வராத காலத்துப் படங்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. பியூஸைக் கடற்கரையில் வைத்து அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவன் செத்துப்போனான்.

அடுத்து நேசனைத் தேடி வந்தபோது மெற்றில்டா கேற்றைப் பூட்டிவிட்டு அதன் முன்னால் நின்றாள். அவர் வவுனியாவுக்குப் போய்விட்டார் என்றாள். அவளுடைய கையை முறித்தார்கள். அந்த நேரத்தில் நேசன் அவளுடைய மாமாவின் படகில் வலைகளுக்கு அடியில் கிடந்தான். படகையும் அவள்தான் ஒழுங்கு செய்திருந்தாள்.

கௌசிகா இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். மனைவி இவ்வளவு நேசிக்கிறாள் என்பதே அவனுக்கு எதிரான சான்றாகிவிட்டது.

“ரெண்டாம் தரம் ஒரு சோதனைக்கு விடுவினம்,” என்றாள் கௌசிகா. “பயத்தையும் பாசத்தையும் கருவி சிலவேளை மாறி வாசிக்குமாம். அதால. ஆனா அப்பவும் ரெண்டும் எரிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“எரியாமல் இருக்க என்ன செய்யிறது?”

நடையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

“நான் இதைச் சொல்லக்கூடாது. இஞ்ச மருந்துக்கடையில மூக்கில அடிக்கிற மருந்தொண்டு இருக்கு. ரெண்டு பக்கமும் நாட்டம் இருக்கிற ஆக்கள், கலியாணம் குழம்பக்கூடாதெண்டு ஒரு பக்கத்தை அமத்தி வைக்கப் பாவிக்கிறது. புருசன்மார் பொஞ்சாதிக்கு வாங்கிக் குடுக்கினம், பொஞ்சாதிமார் புருசனுக்கு. எந்தப் பக்கத்தை வேணுமெண்டாலும் அமத்தலாம்.”

“பிறகு?”

“நிப்பாட்டினால் திரும்பி வரும் எண்டுதான் போட்டிருக்கு. கனபேருக்கு வந்திருக்கு.”

“எல்லாருக்குமோ?”

“கனபேருக்கு,” என்றாள் கௌசிகா மறுபடியும்.

அன்று பின்னேரம் அவன் மெற்றில்டாவை அழைத்தான். அவள் தன் தமக்கை வீட்டில் ஒளிந்திருந்தாள். கைபேசித் திரையில் முறிந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தெரிந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

“ஏன் தலையை இப்பிடி வைச்சிருக்கிறாய், பேய் மாதிரி?” என்றான்.

“ஒரு கையால வாரிப் பாருங்கோ, தெரியும். விளக்கு என்னமாதிரி?”

சொன்னான். சுவர்க் கதையைச் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மருந்தைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

“எந்தப் பக்கத்தை அமத்தும்?”

“உன்ர பக்கத்தை.”

“அமத்தினால் எப்பிடி இருக்கும்? என்னைப் பிடிக்காமல் போகுமோ?”

“தெரியாது. பிடிக்கும். வேற மாதிரி. உன்ர அக்காவைப் பிடிக்கிற மாதிரி எண்டு நினைக்கிறன்.”

“அக்காவை உங்களுக்குப் பிடிக்காதே.”

“அதான் பயமாக் கிடக்கு.”

அவள் கொஞ்ச நேரம் திரைக்கு வெளியே எங்கோ பார்த்தாள். உள்ளே யாரோ தேங்காய் திருவும் சத்தம் கேட்டது.

“இஞ்சாருங்கோ. பியூஸை நான்தான் துணியால மூடினனான். அந்த முகத்தைப் பாத்தனான். அதே மாதிரி உங்கட முகத்தைப் பாக்க என்னால ஏலாது. மருந்தை அடியுங்கோ.”

“மெற்றில்…”

“உயிரோட இருந்து என்னை விரும்பாமல் இருங்கோ. பரவாயில்லை. எனக்கு அது காணும்.”

போதாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவன் மருந்தை அடித்தான்.

எதிர்பார்த்தது போல ஒரு நாளில் ஒன்றும் நடக்கவில்லை. மனதுக்குள் கதவு சாத்தும் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. முகாம் சாப்பாட்டறையில் பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் முன்பு இருந்த மெல்லிய கூச்சம் இல்லாமல் போயிற்று. பிறகு ஒரு காலை, மெற்றில்டா பேசிக்கொண்டிருக்கையில், தான் அவளுடைய வாயைப் பார்க்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தான். அவள் பேசும்போது மேலுதடு ஒரு பக்கம் சுழியும். பன்னிரண்டு வருசமாக அதைப் பார்க்காமல் அவனால் அவளோடு பேச முடிந்ததில்லை. இப்போது அவள் சொன்னதை முழுவதும் கேட்டான். ஒரு சொல் விடாமல் கேட்டான். அது அவனைத் திடுக்கிடச் செய்தது. பிறகு அந்தத் திடுக்கிடலும் அடங்கிப்போனது.

இரண்டாவது சோதனையில் குசினியைப் பற்றி அவனாகவே பேசினான். ரோசா நிறம், பெயின்ற், புருவம், எல்லாம் சொன்னான். வலது விளக்கு கறுப்பாகக் கிடந்தது. லோமன் எழுந்து வந்து இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. “இத்தனை காலம் உங்களைப் பொய்யாக வாழச் செய்துவிட்டார்கள். இனி நீங்கள் நீங்களாக இருக்கலாம்” என்று காதுக்குள் மொழிபெயர்ப்புக் கருவி சொன்னது.

அடைக்கலம் கிடைத்தது. கூடவே அவனுடைய திருமணம் வற்புறுத்தலால் நடந்த போலித் திருமணம் என்று தானாகவே பதிவாகியது. அதனால் மெற்றில்டாவை மனைவி என்ற முறையில் அங்கே வரவழைக்க வழியில்லை. அதைக் கௌசிகாவே எதிர்பார்க்கவில்லை.

துறைமுக நகரில் மீன் பதனிடும் இடத்தில் குளிரூட்டிகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது. மருந்தை நிறுத்தினான். காத்திருந்தான். பனி கரைந்தது, மரங்கள் இலைவிட்டன, மறுபடியும் பனி விழுந்தது. மீராண்டா என்ற வைத்தியர் அவனைச் சோதித்துவிட்டு, “சிலருக்குத் திரும்புவதில்லை. துக்கத்தில் இருக்கும்போது பாவித்தவர்களுக்கு அப்படி ஆவதாக இப்போதுதான் தெரியவருகிறது” என்றார். அவன் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

பியூஸின் நினைவு மட்டும் முழு வலியோடு இருந்தது. வேறு ஆண்களோடு பழகிப் பார்க்கலாம் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். ஒருவனோடு இரண்டு முறை கோப்பிக் கடைக்குப் போனான். அவனும் நல்லவன்தான். ஆனால் பேச்சு நடுவில் நேசன் தன்னையறியாமல் கேற்றின் முன்னால் நின்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். சொல்லும்போது அவனுக்கே அது யாரோ சொன்ன கதை போல இருந்தது. அந்தப் பெண்ணை மதித்தான். அவளுக்காக எதையும் செய்திருப்பான். அவ்வளவுதான்.

மெற்றில்டாவிடம், “திரும்ப வந்திட்டுது” என்று சொன்னான். அவள் கேட்பதற்கு முன்பே சொன்னான். “எல்லாம் பழையபடி. நீர் கவலைப்படாதேயும்.” அவளும் சந்தோசம் என்றாள். கிழமைதோறும் பேசினார்கள். கை நோகிறதா என்று அவன் கேட்பான், மருந்து எடுத்தாளா என்று கேட்பான், அவள் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவான்.

ஒருநாள் மதியம் கௌசிகா அவனுடைய வேலையிடத்துக்கே ஓடி வந்தாள். மூச்சு வாங்கினாள்.

“அண்ணா, நீதிமன்றம் சட்டத்தை மாத்திப்போட்டுது! ரெண்டு விளக்கும் எரியிற ஆக்களுக்கும் இனி அடைக்கலம் உண்டு. ஆபத்து வாறது நாட்டத்தால இல்லை, அடிக்கிறவனாலதான் எண்டு தீர்ப்பில எழுதியிருக்கினம். புருசன், பொஞ்சாதியையும் கூப்பிடலாம். நீங்கள் ஒருக்காத் திரும்ப அந்தக் கதிரையில இருந்தால் காணும். வலது விளக்கு எரிஞ்சால் கலியாணம் உண்மை எண்டு ஏற்பினம். மெற்றில்டா அக்கா வந்திடுவா.”

நேசன் கையுறையைக் கழற்றினான்.

“எரியாது, தங்கச்சி.”

“என்ன?”

“அது திரும்ப வரேல்லை. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. அவளுக்கும் பொய்தான் சொன்னனான்.”

கௌசிகா மீன் பெட்டிகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நான்தானே அந்த மருந்தைச் சொன்னனான்” என்றாள்.

“சொல்லாட்டி நான் செத்திருப்பன்.”

“அது எனக்கு ஆறுதலா இல்லை, அண்ணா.”

“எனக்கும்தான்,” என்றான் நேசன்.

அன்றே மெற்றில்டாவை அழைத்து உண்மையைச் சொன்னான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். தலை ஒழுங்காக வாரியிருந்தது.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

“எப்பிடி?”

“என்னை நீங்கள் ஒரு நாளும் ‘நீர்’ எண்டு கதைச்சதில்லை. கட்டின நாள் தொட்டு ‘நீ’, ‘வா’, ‘போ’, ‘பேய்’. மருந்தடிச்ச பிறகு, ‘நீர் சாப்பிட்டீரோ’, ‘நீர் போய்ப் படும்’. என்னவோ பாங்கில வேலை செய்யிற ஆள் கதைக்கிற மாதிரி. முதல் நாளே விளங்கீட்டுது.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறியள். அதைக் கெடுப்பானேன்?”

தனக்கு அழுகை வரும் என்று நேசன் நினைத்தான். வந்தது, ஆனால் அது ஒரு நல்ல சினேகிதியை ஏமாற்றிவிட்டோமே என்ற அழுகை.

“அழாதேங்கோ. கொழும்பில அவையின்ர தூதரகத்திலயும் அந்த விளக்கு வந்திருக்காம். உங்களுக்கு எரியாட்டி, நான் போய் இருக்கிறன் அந்தக் கதிரையில. கௌசிகாப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோ.”

அவள் கொழும்புக்குப் போய்வந்தாள். முடிவு வர நெடுநாள் ஆயிற்று. வந்ததும் கௌசிகா தொலைபேசியில் சொல்லாமல் அவனுடைய வீட்டுக்கு வந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் அறிய முடியவில்லை.

“அக்கா வாறா. அனுமதி கிடைச்சிட்டுது.”

“அவளின்ர விளக்கு காணுமாய் இருந்ததோ? மனிசியாய் ஏற்றுக்கொண்டிட்டினமோ?”

“இல்லை. உங்கட மனிசியா அவ வரேல்லை. தன்ர பேரில அடைக்கலம் கேட்டு, தன்ர பேரில வாறா.” கௌசிகா தயங்கினாள். “உங்களைப் பற்றிக் கேக்கேக்க ஒரு விளக்கு எரிஞ்சது. நல்லா எரிஞ்சதாம். பிறகு அவவே வேற ஒரு ஆளைப் பற்றிக் கதைச்சவா. அப்ப மற்ற விளக்கும் எரிஞ்சது.”

நேசனுக்கு முதலில் விளங்கவில்லை. எந்த விளக்கு எந்தப் பக்கம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தான்.

“மெற்றில்டாவுக்கோ?”

“ஓம்.”

“ஆர் அது?”

“அது அவவின்ர வாக்குமூலம், அண்ணா. நான் சொல்லேலாது. அவவிட்டக் கேளுங்கோ.”

கட்டுவதற்கு முன்பு தன் கதை முழுவதையும் அவளிடம் கொட்டியது அவனுக்கு நினைவிருந்தது. அவள் பதறாததைக் கண்டு, எவ்வளவு பெரிய மனசு என்று வியந்ததும் நினைவிருந்தது. உனக்கு அப்படி யாராவது இருந்தார்களா என்று ஒரு வார்த்தை அவன் கேட்டிருக்கவில்லை.

விமான நிலையத்தில் அவள் மெலிந்து தெரிந்தாள். முறிந்த கை கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருந்தது. அவன் கொண்டுபோன தடித்த மேலங்கியை அவளுக்கு மாட்டிவிட்டான். கட்டிப்பிடித்தார்கள். அவள் அவனுடைய தோளில் முகத்தை வைத்திருந்த நேரம் முழுதும் அவன் அசையாமல் நின்றான், ஒரு குழந்தையின் உறக்கம் கலையக்கூடாதே என்பது போல. அவள்தான் முதலில் விலகினாள்.

நகருக்குப் போகும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெளியே வெயில் இருந்தது. பனி படிந்த வயல்களில் அது கண் கூசும்படி அடித்தது.

“கேளுங்கோவன்,” என்றாள் மெற்றில்டா.

“ஆர் அது?”

“ஜெயசீலி. கன்னியர் மடத்துப் போர்டிங்கில என்னோட படிச்சவள். உங்களைக் காண முதல்.”

“ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?”

“ஆம்பிளை சொன்னால் அது ஒரு கதை. பொம்பிளை சொன்னால் என்னெண்டு முடியுமெண்டு தெரியாது. நீங்களும் கேக்கேல்லை. பிறகு உங்களோட இருக்கேக்க எனக்கு அதைச் சொல்லவேணும் போலயும் இருக்கேல்லை. எனக்கு நீங்கள் காணுமாய் இருந்தது.” மேலங்கியின் பொத்தானைத் திருகினாள். “நீங்கள் போன பிறகு அவள்தான் வந்து என்னோட நிண்டவள். கை ஏலாமல் கிடக்கேக்க சமைச்சுத் தந்தவள், தலை வாரி விட்டவள். ஒரு வருசத்துக்கு மேல.”

“உம்மட அக்காவுக்குத் தெரியுமோ?”

“சினேகிதி எண்டு நினைச்சவா. ரெண்டு பொம்பிளையள் ஒரு அறையில படுத்தால் ஊரில ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்.”

“பிறகு?”

“நானும் மனிசிதானே, நேசன். நீங்கள் ‘நீர்’ எண்டு கதைச்சுப்போட்டுப் போனை வைப்பியள். அவள் பக்கத்தில இருப்பாள்.” அவள் அவனை நேராகப் பார்த்தாள். “நாங்கள் புருசன் பொஞ்சாதி மாதிரித்தான் இருந்தனாங்கள். என்னோட வா எண்டு கேட்டனான். அவளுக்குப் பிள்ளையள் இருக்கு. வரமாட்டன் எண்டிட்டாள். பஸ் ஏத்திவிடக் கூட வரேல்லை.”

அவள் நிறுத்தினாள். அவனுடைய முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.

நேசன் தனக்குள் தேடினான். பாடற்குழுவில் மிருதங்கம் வாசித்தவன் அவளைப் பார்த்துச் சிரித்ததற்காக ஒரு மாதம் கோயிலுக்குப் போகாமல் இருந்த ஆள் அவன். இப்போது எங்காவது ஒரு மூலையில் ஒரு சுருக்கென்ற வலி, ஒரு கோபம், யாரவள் என்றொரு எரிச்சல் இருக்கிறதா என்று பார்த்தான். ஜெயசீலி அவளுக்குத் தலை வாரிவிடுவதை நினைத்துப் பார்த்தான். நல்லவேளை, யாரோ வாரிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

“பாவம்,” என்றான். மனதாரத்தான் சொன்னான். “உமக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்.”

மெற்றில்டா இன்னும் சிறிது நேரம் அவனைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எங்க இறங்கவேணும்?” என்று கேட்டாள்.

“கடைசித் தரிப்பு,” என்றான். “இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கு.”